வலி இல்லை என்று சொன்னவர்

அறுவை சிகிச்சைப் பிரிவின் பெயர்ப்பலகை மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, கொரோனா வார்டு என்று எழுதியிருந்தார்கள். வயிற்றில் பையோடு அந்த நடைவழியில் நின்றேன். காவலாளி தூரத்திலிருந்தே கையை ஆட்டி விரட்டினார்.

டைபாய்டில் குடல் ஓட்டையாகி, எனக்கு ஸ்டோமா (குடலின் முனையை வயிற்றின் மேல் திறந்து, மலத்தைப் பையில் பிடிப்பது) வைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் மூடிவிடலாம் என்றார் டாக்டர். அதற்குள் கொரோனா வந்து, கட்டில்களெல்லாம் காய்ச்சல்காரர்களுக்குப் போயின. அறுவைக்கு மிஞ்சியது கண் பிரிவில் ஒரு சின்ன அறை. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் முதலில். மற்றவர்களை ஃபோனில் விசாரித்து, வலி உள்ளவர்களை அடுத்து எடுப்பார்களாம்.

"வூட்டுக்குப் போம்மா, கூப்புடுவோம்" என்றார் நர்ஸ்.

பெருநகர் என்கிற எங்கள் கிராமத்தில் காத்திருந்தேன். பையைச் சுற்றித் தோல் வெந்துபோனது. நாற்றத்துக்குப் பயந்து கல்யாணம், சாவு எதற்கும் போகவில்லை. இப்படிப் பதினான்கு மாதம். டாக்டரை நான் சபிக்காத நாளில்லை. ஏழை என்றால் இளக்காரம்தான் என்று கணவரிடம் புலம்புவேன். அவரும் தலையாட்டுவார்.

கடைசியில் வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உத்திரமேரூரில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டோமேம்மா. வலி இல்ல, இப்ப ஆபரேஷன் வேணாம்னு உங்க வீட்டுக்காரர்தானே சொன்னார்?"

சீட்டில் எழுதியிருந்தது அவருடைய ஃபோன் எண். வீடு திரும்பியபோது அவர் மாடு கறந்துகொண்டிருந்தார். கேட்டேன்.

"ஆஸ்பத்திரி போய் வந்த வூட்லல்லாம் கொரோனான்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு இருந்தாங்க. அப்பால சொசைட்டில நம்ப பால ஊத்த வுடுவானா?"

"ஏன்யா, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கறப்பதை அவர் நிறுத்தவில்லை.

துரோகம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு சொல் தெரியவில்லை. அவருடைய பயம்கூடப் புரிகிறது. பதினான்கு மாதம் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது குடலை மூடிவிட்டார்கள். ஆனாலும் பஸ் குலுங்கினால் கை தானாக வயிற்றைத் தாங்கப் போகிறது. யாராவது மூன்று மாதம் என்றால் நான் நம்புவதில்லை.

பை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களே, ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் சொந்த ஃபோன் எண்ணை எழுதுங்கள். நான் மாற்றிவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கிறேன் என்று விசாரிக்கப் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது ஃபோன் என் மடியில் இருந்தது. அவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வலி ஏதாவது இருக்காம்மா?"

அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "கீது."