ஓல்ட் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள்

கரைத்தீவில் டயர் மாற்ற பஸ் நிற்கிறது. தேநீர்க் கடை வைத்திருக்கும் பெண் என் கையிலிருக்கும் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வருகிறார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர். யுத்தம் முடிந்ததும், சொந்த ஊரில் வீடு கட்ட உதவி கேட்டு வீட்டுத் திட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் வந்த பதில் இது.

"மூணு பேரு வாசிச்சாங்க புள்ள. ஆளுக்கொரு கத சொல்லுறாங்க. இந்த ஓல்ட் எண்டா என்ன?"

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்த முதல் ஆள் நான். வயதானவர், பழைய சட்டை, நெடுநாள் சிநேகிதி, முன்னாள் மாணவி என்று அந்தச் சொல்லின் பொருள்களை வகுப்பில் அடுக்கிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். கடிதத்தில் இருப்பது அவற்றில் ஒன்றுமில்லை.

"நீங்கள் பழைய அகதியாம் அக்கா. கடைசிச் சண்டையில இடம்பெயர்ந்த ஆக்களுக்குத்தான் வீடாம்."

அவர் தேநீரை ஆற்றியபடி சிரிக்கிறார்.

"அப்ப எங்கள இன்னொருக்கா விரட்டினாத்தான் வீடு தருவாங்களோ?"

சாரதி ஹோர்ன் அடிக்கிறார்.

"நான் இப்ப கேட்டத அப்படியே இங்கிலீசுல எழுதித் தாங்க புள்ள. அனுப்புவம்."

கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். தயவுசெய்து என்ற சொல்லை எங்கும் சேர்க்கவில்லை.