பத்து வருஷம் நிற்கும் மரம்

தாசையனைப் போல என் வியாபாரத்தைக் கெடுத்தவன் ஆரியசாலைக் கடைத்தெருவில் வேறு யாரும் கிடையாது. களியக்காவிளைப் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் சுமை தூக்கச் சாலைக் கம்போளச் சந்தைக்கு வந்து, பிறகு சொந்தமாக ஒரு பெட்டி ஆட்டோ வாங்கி ஓட்டியவன். இருபத்திரண்டு வருஷமாக என் கடைச் சரக்கை ஏற்றி இறக்குவது அவன்தான். ஒரு பெட்டி நசுங்கியதில்லை, ஒரு கட்டு குறைந்ததில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கெடுத்ததெல்லாம் அவனுடைய வாய்.

என்னுடையது பிளாஸ்டிக் பூக்கடை. நவராத்திரிக்குத் தோரணம், ஓணத்துக்கு மாலை, கிறிஸ்துமஸுக்கு மரமும் நட்சத்திரமும். ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம் ஓர் அம்மாள் மாலைகளைப் பார்த்து, "புதிய ஸ்டாக் தானே?" என்று கேட்டாள். நேற்றுதான் வந்தது என்றேன். தலையில் கட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்த தாசையன் நின்று, "இது போன ஓணத்துக்கு நான் ஏத்துனதில்லா மொதலாளி" என்றான். அம்மாள் படியிறங்கிப் போய்விட்டாள். நான் தாம்தூம் என்று குதித்தேன். அவன் கட்டை இறக்கிவைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லி வாழ்ந்தவனுமில்ல, மெய் சொல்லிக் கெட்டவனுமில்ல."

"கெட்டது நானில்லாவே" என்றேன்.

அவனுக்கு நேமம் பக்கத்தில் இரண்டு அறை வீடு. மனைவி பிச்சைக்கனி. ஒரே மகன் பிரவின்ராஜ், ஐ.டி.ஐ. படித்த டீசல் மெக்கானிக், வளைகுடாவில் கப்பல்களை இழுக்கும் சின்னப் படகொன்றில் எஞ்சின் அறையில் வேலை. வருஷா வருஷம் டிசம்பரில் லீவில் வருவான். வந்த மறுநாளே எங்கிருந்தாவது ஒரு சவுக்குக் கிளையை வெட்டிக்கொண்டு வந்து, கிறிஸ்துமஸ் மரமாக மண் நிரப்பிய வாளியில் நட்டு, பலூனும் பஞ்சும் கட்டி வீட்டை அமர்க்களப்படுத்துவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

அந்த நவம்பரில் ஒரு மத்தியானம் நட்சத்திரப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். தாசையனுக்கு போன் வந்தது. இரண்டு தடவை "ம்" என்றான். பிறகு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, போனை என் பக்கம் நீட்டினான். மறுமுனையில் அதே படகில் வேலை பார்த்த கொல்லத்துப் பையன் ஒருவன் அழுதுகொண்டே பேசினான். புயலில் படகு கவிழ்ந்ததாம். மேல்தட்டில் இருந்த நாலு பேரும் குதித்துப் பிழைத்தார்களாம். எஞ்சின் அறைக் கதவு வரைக்கும் தண்ணீர் மூடியதை அவன் தன் கண்ணால் பார்த்தானாம். கம்பெனிக்காரர்கள் உடல் கிடைக்காததால் காணவில்லை என்றுதான் எழுதுவார்கள், அதை நம்பிக் காத்திருக்கவேண்டாம் என்றுதான் கூப்பிட்டதாகச் சொன்னான்.

"அவன் வெளியில் வந்நில்ல மாமா" என்றான். என்னைத் தாசையன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

தாசையன் மிச்சப் பெட்டிகளை இறக்கிவிட்டுத்தான் போனான். நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. வீட்டில் போய்ச் சொல்லவேண்டுமே, அதைத் தள்ளிப்போட எட்டுப் பெட்டி கிடைத்தது அவனுக்கு.

மறுநாள் காலையில் வழக்கம்போல வந்தான். சொல்லியாச்சா என்று கேட்டேன்.

"நான் போவும் முன்னயே கம்பெனியில இருந்து விளிச்சுச் சொல்லிட்டானுவ. காணேல்ல, தேடுகோம்னு. 'காணேல்லன்னுதான சொல்லுகான், கெடச்சிருவான்'னு அவ எனக்குத் தைரியம் சொல்லுகா. சோறு வெளம்பித் தந்தா மொதலாளி. தின்னேன்."

"இன்னைக்குச் சொல்லிரும்வே. பெத்தவ. அவளுக்குத் தெரியாண்டாமா?"

"நாளைக்குச் சொல்லுகேன்."

அந்த நாளைக்கு வரவே இல்லை. தினமும் கேட்டேன், தினமும் அதே பதில். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் மெய் பேசி என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன், வீட்டில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். ஒருநாள் கடைப்பிள்ளைகள் எதிரிலேயே சத்தம் போட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கயிறு கட்டினான். இப்போது நினைத்தால் அந்தச் சத்தத்துக்காக வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் பிறந்ததும் வந்து, "நாளைக்கு அவளக் கூட்டிட்டு வாறேன். வீட்டுக்கு மரம் வேணுமாம். பிளாஸ்டிக்கு மரம்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் மரம் வைப்பதில்லை, வாசலில் நட்சத்திரம் தூக்குவதில்லை. தெருவில் எந்த வீடு இருட்டாக இருக்கிறதோ அது துஷ்டி வீடு. யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. பிச்சைக்கனி மரம் வைக்காவிட்டால் மகன் செத்துவிட்டான் என்று அவளே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

மறுநாள் வந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை, கையில் ஒரு நூல். நூலில் இரண்டு முடிச்சு. வீட்டில் தரையிலிருந்து ஃபேன் வரைக்கும் ஒரு முடிச்சு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முடிச்சு. இந்த ஊரில் டேப்போடு வருகிற பொறியாளர்கள்கூட உயரத்தைத்தான் அளப்பார்கள், அகலத்தை மறந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய் மரத்தை விரித்தபிறகு கதவு திறக்கவில்லை என்று வந்து நிற்பார்கள்.

மூன்று மரங்களை விரித்து வைத்தேன். ஒன்று வெள்ளைப் பொடி தூவியது. அவள் கிட்டேயே போகவில்லை.

"வெள்ள வேண்டாம் அண்ணாச்சி. பொணத்துத் துணி மாதிரி இருக்கு."

இரண்டாவதின் கிளைகளை விலக்கி உள்ளே பார்த்தாள். நடுக்கம்பி தெரிந்தது. சரக்கு பார்க்கத் தெரிந்தவள்தான். வெளியே அடர்த்தியாகக் காட்டி உள்ளே மொட்டையாக விடுவது இந்தத் தொழிலின் பழைய சூது. மூன்றாவது ஆறடி, இரும்புக் கால், கிளைகள் கீல் வைத்து மடங்குவது. ஒரு கிளையைப் பத்துப் பதினைந்து தடவை மடக்கி நிமிர்த்தினாள். இலையை உருவி, கையில் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். முகத்தைக் கொண்டுபோய் மோந்தாள்.

"மணமில்ல."

"பிளாஸ்டிக்கில்லாம்மா" என்றேன்.

"மணம் போனாப் போட்டு. சவுக்குன்னா பத்து நாள்ல காஞ்சு கொட்டீரும். இது அவன் வரும்போ பச்சையா நிக்கணும். பெப்ருவரியோ, அதுக்கும் பெறவோ, எப்ப வாறானோ. அதுக்காச் சுட்டித்தான் இத வாங்கச் சொன்னேன். எத்தன நாள் நிக்கும் அண்ணாச்சி?"

"பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."

எல்லாரிடமும் சொல்கிற வாய் அது, தானாகச் சொல்லிவிட்டது. நிஜம் வேறு. இந்த ஊர் ஈரத்துக்கு முதல் மழைக்காலத்திலேயே கீலில் துரு ஏறும், இலை வெளுக்கும். தாசையனுக்கு அது நன்றாகத் தெரியும், திரும்பி வந்த மரங்களைச் சுமந்தவனே அவன்தான். நான் அவனைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வாயைத் திறக்கவேண்டுமே என்று நான் ஏங்கியது அந்த ஒரு தடவைதான். மரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டான் என்றால் மற்றதும் பின்னாலேயே வந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். பிச்சைக்கனியும் புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

"ஆமா. பத்து வருஷம் நிக்கும்" என்றான் தாசையன்.

நான் மரத்தின் கிளைகளை மடக்கத் தொடங்கினேன்.

"பத்து வருஷம் என்னத்துக்கு? அவன் வாறது வரைக்கும் நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் நட்சத்திரம் பார்க்கப் போனாள்.

மரம் கட்டிலின் தலைமாட்டில் நின்றது. சபைப் பெண்கள் வாசல் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்களாம். ஜனவரியில் போதகர் வந்து ஒரு நினைவு ஆராதனை வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்கு அது எதற்கு ஐயா என்று அவள் கேட்டாளாம். தாசையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவனே என்னிடம் சொன்னான். பிப்ரவரி போயிற்று, நோன்பிருக்கிற தவசு நாள் போயிற்று, ஈஸ்டர் போயிற்று, ஓணமும் போயிற்று. மரம் நின்றது. சனிக்கிழமைதோறும் பிச்சைக்கனி ஈரத்துணியால் ஒவ்வொரு கிளையாகத் துடைப்பாள். மழை தொடங்கிக் கீலில் துரு கண்டதும் தையல் மெஷின் எண்ணெய் வாங்கிவரச் சொன்னாள். என் கடையில் கீலுக்கென்று வைத்திருந்த புட்டிதான் போயிற்று.

தாசையன் மாறிப்போனான். அந்த ஓணத்துக்கு ஒருத்தி மாலையைக் கையில் எடுத்துப் புதுசா என்று கேட்டபோது, அவன் பக்கத்திலேயே நின்றான். "புதுசுதான்" என்றான். பழைய சரக்கு அது. வியாபாரம் நடந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள், ஆனால் இது அப்படியும் இல்லை. அவனுக்கு எது மெய் எது பொய் என்பதில் இருந்த அக்கறையே போய்விட்டிருந்தது. அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு பெட்டி நசுங்கி வந்தது.

அக்டோபர் மழையில் அவர்கள் சந்தில் முழங்காலளவு தண்ணீர் தேங்கியது. அதில் இறங்கி நடந்தவள் பிச்சைக்கனி. காய்ச்சல் என்று படுத்தாள், எலிக்காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகம் நின்றுபோயிற்று என்றார்கள். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்று தாசையனிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"கடேசியிலயாவது சொன்னீராவே?"

"சொன்னேன். நேத்து, ஆஸ்பத்திரியில. காதுல சொன்னேன். அவளுக்கு நெனவு இல்ல."

டிசம்பர் பிறந்ததும் பிச்சைக்கனியின் தம்பி எனக்கு போன் செய்தான். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாத துஷ்டி வீடு. மரம் இன்னும் நிற்கிறது, சபையில் பேசுகிறார்கள், போதகரும் வருகிறார், நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். போனேன். மரம் அதே இடத்தில் நின்றது. இலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் போனபின் யாரும் துடைக்கவில்லை போலும், தூசி.

போதகர் ஜெபம் செய்துவிட்டுக் கல்லறைக் கல்லைப் பற்றிப் பேசினார். தாயின் பெயருக்குக் கீழே மகன் பெயரையும் பொறித்துவிடலாமே என்றார். தம்பிக்காரன் எழுந்துபோய் மேல்கிளை ஒன்றை மடக்கினான். தாசையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சரியான நேரம் என்று எனக்குப் பட்டது.

"தாசையா, இனி யாருக்காக மறைக்கணும்? அன்னைக்கு போனுல கேட்டத இவங்கள்ட்டயும் சொல்லிரும். கல்லுல ரெண்டு பேரையும் போடட்டும். உமக்கும் நெஞ்சுல பாரம் எறங்கும்."

அவன் எழுந்து, மச்சினன் மடக்கிய கிளையை மறுபடி நிமிர்த்தினான்.

"கொல்லத்துப் பய இருட்டுல பாத்திருக்கான் மொதலாளி. காத்து, மழ, கடலு. கதவுக்கு அங்க நின்னது யாருன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? அவளுக்க காதுல சொன்ன பெறவுதான் எனக்குத் தோணிச்சு. நான் கண்டேனா? பின்னே எதுக்குச் சொன்னேன்?"

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயம்தான் வந்தது. வருஷம் முழுக்க அந்த வீட்டில் உண்மை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது அந்த ஒருவனும் இல்லை.

போதகர் அவன் தோளில் கைவைத்து, "தாசையன், மனச தேத்திக்கிடணும்" என்றார்.

"தேத்திக்கிட்டேன் ஐயா. எனக்கு வேற ஒண்ணுதான் வெப்ராளம்." அவன் என் பக்கம் திரும்பினான். குரல் கீழே இறங்கிவிட்டது. "அவன் வந்து வாசல்ல நின்னுட்டு, அம்மய எங்கன்னு கேட்டா, நான் எப்பிடி மொதலாளி சொல்லுவேன்? எனக்குச் சொல்லத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

சொல்லும்வே, சொல்லும்வே என்று ஒரு வருஷம் அவனை அரித்தவன் நான். கடைப்பிள்ளைகள் எதிரில் சத்தம் போட்டவன். போதகரும் தம்பிக்காரனும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஏதாவது புத்தி சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தானே வரவழைத்திருந்தார்கள்.

"நீரு சொல்லாண்டாம்" என்றேன். "அவன் வரட்டும். நான் சொல்லிக்கிடுதேன்."