குடுமியான்மலைக்கு வழி கேட்டவர்

புதுக்கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டுகிறவள் நான். கணவருக்கு முதுகில் அடிபட்டு நெடுநேரம் உட்கார முடியாமல் போனபோது அவருடைய வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண். அதனால் குடும்பமாக வருகிறவர்களும் தனியாக வருகிற பெண்களும் என் வண்டியைத் தேடி வருவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் கொஞ்சம் சிரமமான ஊர். பார்க்க வேண்டியதெல்லாம் திசைக்கு ஒன்றாகக் கிடக்கும். சித்தன்னவாசல் ஒரு பக்கம், திருமயம் கோட்டை ஒரு பக்கம், ஆவுடையார்கோவில் கடல் பக்கமாக வெகுதூரம். சொந்தக் காரில் வருகிறவர்கள் ஒரே நாளில் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் பாடுதான் பெரும்பாடு. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நடக்க வேண்டும். திரும்ப எப்போது பஸ் வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம். கிட்டத்தான்.

நான்கு வருடத்துக்கு முந்தைய அக்னி நட்சத்திரத்தில் நடந்தது இது.

அன்று ஒரு குடும்பத்தைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போயிருந்தேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். குகை ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளை பசியில் அழுதுகொண்டிருந்தது. மெயின் ரோட்டில் இருக்கும் சித்தன்னவாசல் அலங்கார வளைவுக்கு வந்ததும் ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

அறுபது வயது இருக்கும். வெளிர்நீல அரைக்கைச் சட்டை, தோளில் துணிப்பை. ஒரு கையில் சின்ன நோட்டு, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில்.

"குடுமியான்மலைக்கு எப்படிங்க போறது?" என்றார்.

"வண்டியில எடம் இல்ல சார்."

"இல்லம்மா, ஆட்டோ வேணாம். பஸ் இருக்கான்னு கேட்டேன்."

"மினி பஸ் வரும் சார். இல்லன்னா இங்கிட்டுப் போயி தெக்க பிரியிற ரோட்டப் புடிச்சிங்கன்னா கிட்டத்தான். நடந்தே போயிரலாம்."

அவர் நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். மொத்தம் அரை நிமிடம்கூட இருக்காது.

அந்த மினி பஸ் சில வாரங்களாக ஓடவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, விசாரிக்கவில்லை என்பதுதான் சரி. நான் அந்தப் பக்கம் மினி பஸ்ஸில் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. அது இருந்தது, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். நடந்துவிடலாம் என்று சொன்னேனே, அந்த ரோட்டில் நான் ஒருநாளும் நடந்தது கிடையாது.

குடும்பத்தை ஊரில் இறக்கிவிட்டபோது அவர் ஞாபகம் ஒருமுறை வந்தது. இந்த வெயிலில் நடக்கப் போகிறாரோ, திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. பசி வேறு. அதற்குள் பஸ் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தேன்.

மறுநாள் மதியம் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். தைலமரக் காட்டு ஓரத்தில் வெளியூர் ஆள் ஒருவர் இறந்து கிடந்தாராம். காலையில் மரம் வெட்டப் போனவர்கள் பார்த்தார்களாம். வெயிலில் சுருண்டு விழுந்திருக்கலாம் என்று போலீஸ் சொன்னதாம்.

"என்ன சட்டை?" என்று கேட்டேன்.

சொன்னவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதையெல்லாம் யாரு பாத்தா?" என்றார்.

சாயந்திரப் பேப்பரில் நாலு வரியில் வந்திருந்தது. ரிட்டயர் ஆன பள்ளிக்கூட கிளார்க், சுற்றிப் பார்க்க வந்தவர். துணிப்பையும் நோட்டும் இருந்தன என்று போட்டிருந்தது.

தைலமரத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கக் காடு போல இருக்கும். தூரத்திலிருந்து வருகிறவன் நிழல் இருக்கும் என்று நம்பி உள்ளே போவான். போனால் தலைக்கு மேல் நாலு இலைதான் இருக்கும், அதுவும் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் தடையில்லாமல் தரைக்கு வரும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. எங்கள் குடும்பம் ஆவூர்ப் பக்கம், பரம்பரை வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அடுத்த மாதம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன். பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேணும்னு செய்யலையேம்மா" என்றார். ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். மனப்பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

அதன்பிறகு அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். முதல் தடவை உண்மையிலேயே யாரோ கை காட்டியது போலத்தான் இருந்தது. நிறுத்தித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வளைவின் தூண், அதன் நிழல், வேறு ஒன்றும் இல்லை.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்று பின்னால் இருந்த அம்மாள் கேட்டார்.

"ஆளு நின்ன மாதிரி இருந்துச்சுங்க."

"யாரும் இல்லையே."

யாரும் இல்லைதான். ஆனாலும் அடுத்த தடவையும் நிறுத்தினேன். மழைக்காலத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் காலி வண்டியோடு வந்தவள், வளைவில் நிறுத்தி, "ஏறுங்க சார்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊர் வந்து சேரும்வரை வண்டிக்குள் தைல வாசனை அடித்தது. அந்த ரோட்டில் எப்போதும் அடிக்கிற வாசனைதான் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை. ராமேஸ்வரம் போகிற ரயிலிலிருந்து ஓர் அம்மாள் தனியாக இறங்கி வந்தார். நரைத்த தலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. ஸ்டாண்டில் இருந்தவர்கள் அவரை என்னிடம் அனுப்பினார்கள்.

"சித்தன்னவாசல் போகணும். அங்கேர்ந்து குடுமியான்மலை. மெதுவாப் போனாப் போதும்" என்றார்.

"கோயிலுக்காம்மா?"

"என் வீட்டுக்காரர் போன வழியில போகணும்."

ஸ்டார்ட் பண்ண மூன்று தடவை இழுத்தேன்.

போகும்போது அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் கணவரைப் பற்றி அவராகவே சொன்னார். ரிட்டயர் ஆன பிறகு மாதம் ஒரு ஊராகக் கிளம்பிவிடுவாராம். கார் பிடிக்க மாட்டாராம், பஸ்தானாம். எந்த ஊரில் எங்கே பஸ் ஏறினார், எத்தனை மணிக்கு வந்தது, எங்கே உட்கார்ந்தார், எங்கே இறக்கிவிட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுவாராம். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்பாராம்.

"நான் ஒரு தடவைகூடக் கூட வந்ததில்ல. முட்டி வலின்னு வீட்லயே இருந்துட்டேன்."

வளைவு வந்தது. இம்முறை நிறுத்தச் சொல்லி அவரே கேட்டார். நோட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "சித்தன்னவாசல் வளைவு, பன்னிரண்டே கால். மினி பஸ் வருமாம். கிட்டத்தான், நடந்தும் போகலாம் என்று ஆட்டோ ஓட்டும் அம்மா சொன்னார்."

படித்துவிட்டு நோட்டை மூடினார். "இதுக்கப்புறம் ஒண்ணும் எழுதல."

நான் வண்டியை எடுத்தேன். தெற்கே பிரியும் ரோட்டில் திரும்பி, தைலமரக் காடு தொடங்கிய இடம்வரை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அங்கே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். அவர் பக்கம் போய் நின்றேன்.

"அம்மா, அந்த ஆட்டோ ஓட்டுனது நாந்தாம்மா."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் முகத்தையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க அவரைப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேம்மா. பேசுனேன்."

"அவர் கடைசியாப் பேசுனது உங்ககிட்டத்தானா?"

"தெரியலம்மா. அப்படித்தான் இருக்கணும்."

"என்ன பேசினாரு? சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

சொன்னேன். அரை நிமிடப் பேச்சு. முடிந்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சட்டைப் பொத்தான் போட்டிருந்தாரா, செருப்பா ஷூவா, குரல் களைப்பாக இருந்ததா என்று கேட்டார்.

"தண்ணி வச்சிருந்தாரா?"

"கையில பாட்டில் இருந்துச்சும்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆறுதலைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. "கெளம்பும்போது என்னையப் பாத்துச் சிரிச்சாரும்மா" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

குடுமியான்மலைக்கு அழைத்துப் போனேன். வண்டி மீட்டர் கணக்கில் வளைவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குக் குறையவில்லை. கோயிலில் அவர் தூண் தூணாகப் பார்த்தார், கணவர் பார்க்காததையெல்லாம் தான் பார்த்து முடிக்க வேண்டும் என்பது போல. திரும்பி வந்து ரயில் ஏறும் முன் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது போன் வந்தது.

"நான்தான். அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

கோயில் மதில் ஓரமாக நின்று சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். அப்படியே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக ஏதாவது கேட்பார், எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அதைத் தாங்க முடியாமல் ஏதாவது சொல்வேன். நோட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார் என்றேன். பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார் என்றேன். சிரிப்பு மட்டும் எல்லா வாரமும் உண்டு. அதை எதிர்பார்த்துத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு ஒரு மதியம் வளைவைக் கடக்கும்போது அவர் கணவரைப் பார்த்தேன். முன்பெல்லாம் கை காட்டுவது போல மட்டும்தான் தோன்றும், முகம் தெரியாது. அன்று முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லிச் சொல்லி உண்டாக்கிய அதே சிரிப்பு. உண்மையான முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. அந்த மனிதரை இரண்டாவது தடவையும் நான் தொலைத்துவிட்டேன் என்று பட்டது. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு அம்மாள் கூப்பிட்டபோது முந்திக்கொண்டேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அவரு சிரிக்கல. கையசைக்கவும் இல்ல. நானாச் சொன்னது."

நிறுத்தாமல் அடுத்ததையும் சொன்னேன்.

"பாட்டில் இருந்துச்சுன்னு சொன்னேன்ல. இருந்துச்சு. ஆனா அடியில ரெண்டு வாய்த் தண்ணிதாம்மா கெடந்துச்சு. பாத்தேன். என் வண்டியில கேன் நெறையத் தண்ணி இருந்துச்சு. குடுக்கணும்னு தோணல."

"சிரிக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர் மெதுவாக. "அவர் தெரியாதவங்ககிட்ட சிரிக்க மாட்டாரு. நாப்பது வருஷம் பாத்தவ நான். தண்ணி விஷயம் எனக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நானாகக் கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேனை முன்சீட்டுக்கு அருகில் மாற்றி வைத்தேன். யார் வழி கேட்டாலும், தெரிந்தால் கிலோமீட்டரில் சொல்கிறேன், இல்லாவிட்டால் தெரியாது என்கிறேன். ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள். கணவரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

நாலாவது ஞாயிறு போன் வந்தது. பூசை நடுவில் வந்ததால் எழுந்து வெளியே ஓடினேன்.

"தண்ணியச் சொன்னதை இன்னும் என்னால தாங்க முடியல" என்றார். "ஆனா அதைச் சொன்ன பிறகுதான் மத்ததும் நெசம்னு தோணுது. நடந்ததை மட்டும் சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒருத்தர் கையக் காட்டி நிறுத்துனாரும்மா" என்று தொடங்கினேன். முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.