போட்ட விலைக்கே

எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. இரத்த அழுத்தம் இல்லை. எடையைக் குறைக்கச் சொல்லி எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது. "சுகர் எவ்ளோ இருக்கு?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கோயிலில் கேட்டார்கள். லிஃப்ட்டில் எட்டாம் மாடி அக்கா கேட்டார்.

எனக்கு வேகமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலோர நெடுஞ்சாலையில் என் மோட்டார் சைக்கிள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அந்தச் சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். மெல்லிய டயர், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் போய்விடுவார்கள். எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் காரணம் சொல்ல நான் யாருக்கும் கடமைப்பட்டவள் இல்லை.

"சைக்கிள் வேணும்னா கூடை வச்சது வாங்கேன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போக வசதியா இருக்கும்" என்றார் எட்டாம் மாடி அக்கா.

"பாசாருக்குப் போறதுக்கு எனக்குக் கால் இருக்குக்கா" என்றேன்.

எல்லோரையும் இப்படி வாயால் சமாளித்துவிடலாம். அம்மாவைத்தான் முடியாது. ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நான் ரோட் பைக் ஓட்டுவதைப் பற்றி அவருக்கு ஒரு மறுப்பும் இல்லை. வளைந்த ஹேண்டிலைப் படத்தில் பார்த்துவிட்டு, "முதுகு வலிக்குமே" என்றார், அதோடு சரி. ஆனால் அவருடைய சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் பயன்படுத்திய பொருள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

அந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. அம்மா முப்பது வருஷம் புலாவ் தீக்குஸ் பக்கத்துப் பங்களாக்களில் வீட்டு வேலை செய்தவர். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த வீடுகளில் அலமாரி ஒழிப்பார்கள். ஒழித்ததெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். என் பள்ளிக்கூடச் சப்பாத்து, அண்ணனின் கால்சட்டை, மூடி இல்லாத ரைஸ் குக்கர், காது போன கோப்பைகள். எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஒரு வீட்டில் ஆளுயர மின்விசிறி ஒன்றைக் கொடுத்தார்கள். அது ஓடாது என்று கொடுத்தவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நானும் அம்மாவும் அதை பஸ்ஸில் ஏற்றினோம். ஓட்டுநர் முகம் சுளித்தார். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். ஜெலுத்தோங்கில் இறக்கி, ஃப்ளாட்டுக்குக் கீழே இருந்த குப்பைத்தொட்டிக்கு நேராகக் கொண்டுபோய்ப் போட்டோம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

"அங்கேயே வேணாம்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டேன்.

அம்மா கையைக் கழுவிவிட்டுச் சோறு போட்டார்.

நான் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் அம்மா பங்களா வேலையை விட்டார். அன்றோடு சட்டம் அமலுக்கு வந்தது. வீட்டில் ஒரு கரண்டிகூடக் கடையிலிருந்து அட்டைப்பெட்டியில்தான் வரும்.

ஆகவே, முதலில் புதுசுதான் வாங்கினேன். என்னிடம் இருந்த காசுக்கு இணையத்தில் நூறு புது சைக்கிள்கள் காட்டினார்கள். எல்லாமே படத்தில் பளபளவென்று இருந்தன. ஒன்றைத் தட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. அம்மா குங்குமம், சந்தனம் எல்லாம் தயாராக வைத்திருந்தார். பெட்டிக்குள் சைக்கிள் பாதிதான் சைக்கிளாக இருந்தது, மீதியை நாம் பூட்ட வேண்டும். தாளில் இருந்த சீன எழுத்தையும் படங்களையும் பார்த்து ஒரு மதியம் முழுக்க முட்டி தேயப் பூட்டினேன். அம்மா ஹேண்டிலுக்குப் பொட்டு வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்து" என்றார். அந்த மெல்லிய டயர் பழத்தை நசுக்காமல் வழுக்கிவிட்டுப் போனது. பழம் உருண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற அம்மா விடவில்லை. "புதுசுன்னு தெரியணும் இல்ல" என்றார். மூன்று வாரம் பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

திரும்பும்போதெல்லாம் கால்விரல் முன்சக்கரத்தில் இடித்தது. ரோட் பைக் என்றால் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். மேட்டில் கியர் மாற்றினால் செயின் கழன்றது. கடைசியில் ஒருநாள் இடது பெடல் கையோடு வந்துவிட்டது. காலோடு என்று சொல்ல வேண்டும். பாசாருக்குப் பின்னால் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சைக்கிளைப் பார்க்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை நான் முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் பூட்டியிருந்தேனாம். அதை ஒரு நிமிஷத்தில் திருப்பிவிட்டார். பெடலைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

"தாக் போலே லா, அமோய்" என்றார், முடியாதும்மா என்று. பெடலைத் திருகும் மரை தேய்ந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது. பெடல் பூட்டும் கையை மாற்றலாம், ஆனால் அடுத்த மாதம் வேறொன்று கழன்று வரும். இந்த விலைக்குப் புதுசு என்றால் இரும்புதான் கிடைக்கும், இதே காசுக்கு யாராவது நன்றாக ஓட்டி வைத்திருக்கும் நல்ல சைக்கிளை வாங்கு என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். வாங்கும்போது தலைகீழாகக் கவிழ்த்துப் பார், பெடல் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் தொடாதே, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆடுகிறதா பார் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அங்கிள் மேல் இல்லை. பெடல் கையை மாற்றி, அந்தச் சைக்கிளின் குறைகளை ஒன்றுவிடாமல் எழுதி, இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஒருவர் ஃபெர்ரியில் வந்து பாதி விலைக்கு எடுத்துப் போனார். கடைக்குப் போய்வரப் போதும் என்றார். அந்தப் பிளாஸ்டிக் உறை அப்போதும் சீட்டின் மேல் இருந்தது.

அப்புறம் பழசைத் தேட ஆரம்பித்தேன். எல்லா விளம்பரத்துக்குக் கீழும் ஒரே கேள்விகள்தான். இன்னும் இருக்கா பாஸ், கடைசி விலை எவ்வளவு பாஸ். விற்பவர்களின் பதிலில் நானும் பாஸ் ஆனேன். என் உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பெரும்பாலான சைக்கிள்கள் நெடிய ஆண்களுக்கானவை. ஒன்றரை மாதம் கழித்து ஒன்று அகப்பட்டது. சின்ன ஃப்ரேம், நல்ல கியர், விலை எண்ணூறு வெள்ளி. விற்பவரின் மகள் ஓட்டியது, அவள் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய்விட்டாள். செய்தி அனுப்பி அனுப்பி அறுநூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தேன். விலாசம் வந்தது. புலாவ் தீக்குஸ்.

சனிக்கிழமை காலை அம்மாவிடம் விலாசத்தோடு சொன்னேன். முதல் சைக்கிளின் கதி அவருக்குத் தெரியும். இருந்தும், "இன்னும் காசு சேத்து பெரிய கடையில புதுசா வாங்கு" என்றார்.

"அது மூவாயிரம்மா. எப்ப சேர்றது, எப்ப ஓட்டறது?"

"அப்ப ஓட்டாத."

"எங்காசு, எங்காலு. நான் வாங்கத்தான் போறேன்."

"அந்த வீட்டுக்காரவுங்க ஒழிச்சுப் போடறதத் தூக்கிட்டு வரவா ஒன்னப் படிக்க வச்சேன்?"

எனக்கு விட மனசில்லை. அன்று சாயந்திரம் அம்மா ஒரே ஒரு கோப்பைத் தேநீர் கலக்கிக் குடித்தார். எனக்குக் கலக்கவில்லை. நானே கலக்கிக்கொண்டேன். அழுகை வந்தது, இருந்தும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாக அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் நான் கிளம்பும்போது அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையில், கைப்பையோடு கதவருகே நின்றார். "நானும் வர்றேன்" என்றார். காரியத்தைக் கெடுக்கத்தான் வருகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து போனோம்.

பெரிய கேட். அம்மாவின் கால் தானாகப் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் திரும்பியது, சமையலறைக் கதவு அங்கேதான் இருக்கும். நான் கையைப் பிடித்து நிறுத்தி, முன் கேட்டில் மணியை அடித்தேன். வந்தவர் தமிழர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அரைக்கால்சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். செய்தி அனுப்பிய பாஸ் ஒரு பெண் என்று தெரிந்து கொஞ்சம் திகைத்தார். போர்ட்டிக்கோவில் கார்களுக்கு நடுவே சைக்கிளை நிறுத்தியிருந்தார். நீல நிறம். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

நான் அதைக் கவிழ்த்து விரிசல் தேடினேன், சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு குறையும் இல்லை. அப்போது அம்மா முன்னால் வந்தார். ஆள்காட்டி விரலை சீட்டுக்கு அடியில் விட்டு ஒரு இழு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பார்த்தார்.

"தொடச்சே ரெண்டு வருஷம் இருக்கும் போலயே, தம்பி."

அவர் சிரித்தார். "மக போனதுலேர்ந்து யாரும் தொடல, ஆண்ட்டி."

"சாமான விக்கறவுங்க தொடச்சு விக்கணும்." அம்மா சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் விரலை விட்டார். "இங்க துரு. இங்க பாருங்க, சிலந்திக்கூடு. இந்தக் கைப்பிடி நாடா பிரிஞ்சிருக்கு."

காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷம் அந்த மாதிரி வீடுகளின் பொருள்களை அவரைவிட அருகில் பார்த்தவர் யாரும் இல்லை. அழுக்கு எங்கே ஒளியும் என்று அவருக்குத் தெரியும். கொடுத்த பொருளில் குறை சொல்லும் உரிமை மட்டும் அன்றுவரை அவருக்குக் கிடைத்ததில்லை. அதை இப்போது ஆசை தீர அனுபவித்தார்.

"ஆண்ட்டி ரெம்ப ஷார்ப் லா" என்றார் அந்த மனிதர். "வீடு எங்க?"

"ஜெலுத்தோங் ஃப்ளாட்டு. இந்தப் பக்கம்தான் வேல பாத்தேன், முப்பது வருஷம். வீட்டு வேல."

அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணில் இரக்கம்தான் வந்தது. "அப்ப காசெல்லாம் வேணாம் ஆண்ட்டி. சும்மா எடுத்துட்டுப் போங்க. இங்க சும்மாதான கெடக்குது" என்றவர், உள்ளே போய் ஒரு பெரிய பையோடு வந்தார். மகளின் பழைய சப்பாத்து, சட்டைகள், ஒரு கைப்பை. "இதையும் வச்சுக்கிங்க. எல்லாம் நல்ல சாமான்."

உண்மையைச் சொல்கிறேன். என் மனசு துள்ளியது. அறுநூற்றைம்பது வெள்ளி மிச்சம். தேங்க்ஸ் என்று சொல்ல வாயைத் திறந்தே விட்டேன். அம்மாவின் இரண்டு கைகளும் வழக்கம்போல மேலே எழுந்தன, பாதியில் நின்று, கீழே இறங்கிக் கைப்பையைப் பிடித்துக்கொண்டன.

"இது வேணாம் தம்பி" என்றார். எனக்குத் தெரிந்து அம்மா அந்தத் தெருவில் சொன்ன முதல் வேண்டாம் அது.

"சைக்கிளுக்கு வெளம்பரத்துல எவ்ளோ போட்டிருந்தீங்க?"

"எண்ணூறு. ஆனா அறுநூத்தம்பதுக்குப் பேசியாச்சே…"

"எண்ணூறே வாங்கிக்கிங்க."

"அம்மா!" என்றேன்.

"நீ சும்மா இரு. நாங்க வாங்க வந்திருக்கோம், தம்பி. சும்மா குடுக்கறத வாங்கிட்டுப் போக வரல." கைப்பையைத் திறந்து நூற்றைம்பது வெள்ளியை எடுத்து, என் கையிலிருந்த காசு உறையை வாங்கி, அதன் மேல் வைத்து நீட்டினார். அவர் பின்வாங்கினார். அம்மா கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ், ஆண்ட்டி" என்றார்.

நான் சைக்கிளை நிமிர்த்தி கேட்டை நோக்கித் தள்ளினேன். அம்மா குனிந்து முன் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காத்து இல்லையே. பம்பு இருக்குமே வீட்டுல?"

அவர் போய்ப் பம்பை எடுத்து வந்தார். தன்னுடைய போர்ட்டிக்கோவில், தன்னுடைய கார்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடி நழுவ நழுவக் காற்றடித்தார். அம்மா நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன் டயர் கல்லாக ஆனதும் அவர் எழுந்திருக்கப் போனார்.

"பின்னாலயும் அடிங்க, தம்பி" என்றார் அம்மா.