பாரீசுக்குப் போன எங்கள் வீட்டு மாங்காய்

எங்கள் அன்புக்குரிய அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டு எழுத எனக்கு மனமில்லை. அவருக்குத் தம்பியாகப் பிறந்த பெருமையோடு எழுதுகிறேன்.

அக்கா இந்த உப்பளம் பகுதியில், இன்று நீங்கள் வந்திருக்கும் இதே வீட்டில் பிறந்தார். மில் தொழிலாளியான அப்பா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. நோயாளியான அம்மாவையும், அண்ணனையும், கடைக்குட்டியான என்னையும் தையல் மெஷினை மிதித்தே காப்பாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

கொல்லையில் நிற்கும் ஒட்டு மாமரம் அவருடைய ஆட்சியில் இருந்தது. அவர் சொல்லாமல் ஒரு காய் இறங்காது.

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அண்ணன், எழுபதுகளின் கடைசியில், அம்மாவின் திதிக்காகப் பாரீசிலிருந்து தனியாக வந்தார். அண்ணி அங்கே தலைப்பிள்ளை சுமந்துகொண்டிருந்தார்.

"அவளுக்கு எதுவும் வவுத்துல தங்கல அக்கா. நம்ம வூட்டு மாம்பழம் வேணும்னு ஒரே புடியா கேக்குறா. பறிச்சுக் குடு."

அக்கா ஒரு காயை உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தார். "காம்புப் பக்கம் இன்னும் மேடு கட்டல தம்பி. இப்ப பறிச்சா வெம்பிப் போயிடும்."

"கார்பைடு கல்லு வெச்சா சீக்கிரம் பழுத்துடுமே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"புள்ளத்தாச்சிக்கா கல்லு வெச்ச பழம்?" என்று அக்கா அவரை முறைத்தார்.

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அங்க அவ பட்டினி கெடக்குறா. உனக்கு மரம்தான் பெருசா?" என்று கத்திவிட்டு, சாப்பிடாமலே வெளியே போனார். அன்றிலிருந்து அக்கா காலையில் மெஷினில் உட்காருமுன் ஏணியைச் சாய்த்து மரத்தில் ஏறி, காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பார்.

அண்ணன் புறப்படும் நாள் காலையில், வெயில் விழும் தென்புறக் கிளையிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அண்டாவுல தண்ணி ரொப்பு!"

மேற்புறம் தோள்பட்டை போலக் காம்புக்கு மேலே எழும்பி, தோலில் புள்ளி தெளிந்த காய்களாகப் பார்த்துக் காம்போடு நறுக்கிக் கொடுத்தார். தண்ணீரில் போட்டோம். மிதந்தவற்றை, முற்றாதவை என்று ஊறுகாய்க்கு ஒதுக்கினார். மூழ்கியவற்றைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்.

"கல்லு மாதிரி இருக்குதே அக்கா" என்றார் அண்ணன்.

"வழியில பழுத்தா நசுங்கிடும். அங்க போயி பழுக்கட்டும்."

சில நாள் கழித்துத் தெருமுனை மருந்துக்கடைக்கு ட்ரங்க் கால் வந்தது. அக்கா ஓடினார். அண்ணியின் குரல் அருகில் நின்ற எனக்கே கேட்டது. "ஒண்ணொண்ணா பழுக்குது அக்கா! வூடெல்லாம் வாசன. உங்க தம்பிக்குக் கொட்டதான் குடுத்தேன்."

"வவுத்துல தங்குதாம்மா?"

"தங்குது அக்கா."

அடுத்து அண்ணன் பேசினார். "நான் கத்துனத மனசுல வெச்சுக்காத அக்கா."

"வெச்சுக்கிட்டிருந்தா ஏணில ஏறியிருப்பனா?" என்று சிரித்த அக்கா, வீடு வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் செய்தியைச் சொன்னார்.

சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறால் அக்கா படுத்தபோது, அண்ணி மகளோடு பாரீசிலிருந்து வந்து, கடைசிவரை கட்டிலருகே இருந்தார். அவருக்கும், பெரியாஸ்பத்திரி நர்சம்மாக்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த எங்கள் தெருப் பெண்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

இன்று உங்கள் இலையில் வைத்திருப்பது அந்த மரத்துப் பழம். அக்கா இல்லாமல் நாங்கள் பறித்த முதல் பறிப்பு. ஒன்றுகூட வெம்பவில்லை.