பஸ் வராத இடம்

அந்தக் காலத்தில் எனக்கு பார் டயகிராம் என்றால் உயிர். எழுபதுகளின் நடுவில், ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்துவிட்டு மயிலாப்பூரில் ஒரு கம்பெனியில் மேனேஜருக்குக் கணக்கையெல்லாம் கலர்ப் பட்டைகளாகப் படம் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தேன். நான் தீர்த்த கலர் பென்சிலைப் பார்த்தால் யாரும் அதைக் கணக்கு வேலை என்று சொல்லமாட்டார்கள்.

அடையாறில் என்னோடு பஸ்ஸுக்கு நிற்பவள் என் சிநேகிதி. மவுண்ட் ரோடில் டைப்பிஸ்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா படுத்த படுக்கை, வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடியது. ஒன்பது மணி ஆபீஸுக்கு வாரத்தில் பாதி நாள் லேட். இந்த மாதமும் இப்படியே என்றால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் கிளம்பலாமே என்று கேட்காதீர்கள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, மருந்து கொடுத்துவிட்டு எட்டேகாலுக்கு அவள் ஸ்டாப்புக்கு வருவதே பெரிய விஷயம்.

எட்டேகாலுக்குத்தான் பஸ்ஸே கிடையாது! எட்டு மணிக்கு மூன்று பஸ் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். அப்புறம் ரோடு காலி. எட்டே முக்காலுக்கு மறுபடி மூன்று.

"இன்னாமா, மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறே? மூணு பஸ் வந்துகீது, புடிச்சதுல ஏறு!" என்பார் கண்டக்டர்.

"அதுல ஒண்ணு அரை மணி முன்னாடி வந்தா ஆகாதா?" என்று நான் சண்டைக்குப் போவேன். அவர் விசிலை ஊதிவிடுவார்.

சரி, படிப்பு எதற்கு இருக்கிறது? சில வாரம் எட்டு மணிக்கே போய் நின்று, பஸ் வந்த நேரத்தையெல்லாம் குறித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஐந்து கலரில் ஐந்து பார் வரைந்து, அவளையும் இழுத்துக்கொண்டு டிப்போ அதிகாரியிடம் போனேன்.

"பிரமாதமா போட்டிருக்கீங்கம்மா," என்றார். "சராசரி பத்து நிமிஷம். நாங்களும் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னுதான் விடறோம். அப்புறம் என்ன கம்ப்ளெயிண்ட்?"

அட ராமா! ஐந்து பாரும் ஒரே உயரத்தில் நின்று அவருக்குச் சாட்சி சொல்லின. மூன்று பஸ் சேர்ந்து வந்ததையும் முக்கால் மணி நேரம் காலியாகக் கிடந்ததையும் கூட்டி வகுத்து, எங்கள் கஷ்டத்தை நானே துடைத்துவிட்டிருக்கிறேன். அவள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே புது கிராஃப் ஷீட் எடுத்தேன். ஒரு நாளுக்கு ஒரு வரி. எட்டிலிருந்து ஒன்பது வரை நேரம். பஸ் வந்த இடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சராசரியும் இல்லை, கலரும் இல்லை. வழக்கம்போல் ஸ்கேலை வைத்துப் புள்ளிகளைச் சேர்க்கப் போன கையை அடக்கிக்கொண்டேன். நடுவில் கோடு போட்டால் அங்கே ஏதோ ஓடுகிற மாதிரி ஆகிவிடும். அங்கே எதுவும் ஓடவில்லை என்பதுதானே விஷயம்!

மறுநாள் ஸ்டாப்பில் அதைப் பார்த்தவள், "என்னடி, கோலத்தைப் பாதியில விட்டுட்டே?" என்றாள்.

"இழுத்தா கெட்டுடும். பேசாம வா."

அதிகாரி இந்தத் தடவை 'பிரமாதம்' சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகப் புள்ளி. நடுவில் மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக ஒரு பாதை. அதில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அங்கதான் சார் நாங்க நிக்கறோம்."

அவர் விரலை எடுக்காமலே மணியடித்து, பஸ் கிளம்பும் நேரத்தைக் கவனிக்கும் டைம் கீப்பரைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, எட்டரை அடிப்பதற்கு முன்னால் தன்னந்தனியாக ஒரு பஸ் வந்து நின்றது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"இன்னா, ஏறமாட்டியா?" அதே கண்டக்டர்.

உட்கார இடமும் கிடைத்தது. அவள் என் பையிலிருந்து அந்த ஷீட்டையும் பேனாவையும் எடுத்து, மடியில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே அந்த வெள்ளையில் ஒரு புள்ளி வைத்தாள். பஸ் குலுங்கியதில் அது பொட்டு அளவுக்கு அப்பிவிட்டது. மை காயும்வரை ஊதிக்கொண்டே வந்தாள்.