என்னை நம்பு என்றொரு வரி

இங்கேயெர்ட் என்ற பெண்ணை முட்டாள் என்று இன்னமும் காபி மேசையில் சொல்கிறார்கள். சொல்பவர்கள் நாக்கு அழுகட்டும். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் எட்டு வருஷம் டிராம் ஓட்டியவள் அவள். வயது கடந்து கணக்குப் படிக்க வந்து, முப்பத்தொன்பதில் எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு நின்றாள். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். அவள் உருவாக்கிய சின்ன நிரல்மொழியில், எண்ணா எழுத்தா பட்டியலா என்று வகைகள் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டால், அந்த நிரல் கட்டாயம் ஓடி முடியும்; எதை முதலில் கணக்கிட்டாலும் சரி. "பிரேக் பிடிக்காத வண்டிய நான் வெளிய எடுக்க மாட்டேன்" என்பாள்.

நிரூபணத்தைச் சரிபார்ப்பது கம்ப்யூட்டர். எங்காவது முடியாமல் சுற்றிச் சுற்றி வரும் என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்தைச் சிவப்பாக்கிவிடும். ஆனால் அதன் வாயை அடைக்க ஒரு வரி உண்டு: 'இது முடியும், என்னை நம்பு.' மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாநாட்டுக்காக நாங்கள் இருவரும் அடித்துப் பிடித்து எழுதியபோது, ஒரு பகுதி சிவந்து நின்றது. அவள் காய்ச்சலில் கிடந்தாள். நான் அந்த வரியைப் போட்டேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்புறமாவது ஒன்றாவது! அந்தக் கட்டுரையால் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவள் அதன்மேல் மூன்று வருஷம் கட்டினாள்.

சோதனைகளும் தேறின. காரணம், நாங்கள் ஓட்டிப் பார்த்த முறை சோம்பேறி முறை. தேவைப்படாததை அது தொட்டே பார்க்காது.

ஆய்வேட்டை, அதற்காக அவையில் வாதாடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு எல்லோரும் பார்க்கச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது எங்கள் வழக்கம். அதற்கு முதல் நாள்தான் எனக்கு நினைவு வந்து கோப்பைத் திறந்தேன். வரி அப்படியே உட்கார்ந்திருந்தது. கோப்பை மூடிவிட்டேன்.

மூன்று மணி காபியில் கேட்டாள்: "கடைசியா ஒருதடவ படிச்சியா, ஹெல்மர்?"

"படிச்சேன். சுவாரசியமா இருக்கு."

எங்கள் மேசையில் யாரும் தப்பு என்று சொல்வதில்லை. சுவாரசியம் என்போம்.

"நீ சுவாரசியம்னா எனக்குப் பயமா இருக்கே! எங்கயாவது ஓட்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கையில அடிச்சுக்காம ஆணிய அடி, போ."

சிரித்தாள். மறுநாள் நாலே அடியில் மாட்டினாள். பேராசிரியர் ரூனே கொண்டாட்டத்துக்கு வாங்கிய பச்சை நிறக் கேக்கை வெட்டினார். நானும் தின்றேன், வெட்கங்கெட்டவன்.

ஒன்பதாம் நாள், வாதத்தன்று குறை தேடிக் கேள்வி கேட்க வரவேண்டிய எதிர்வாதியிடமிருந்து நாலு வரி நிரல் ஒன்று வந்தது. வகைகள் கச்சிதமாகப் பொருந்தின. சோம்பேறி முறையில் உடனே முடிந்தது. பிறகு, உள்ளே கொடுப்பதையே முதலில் கணக்கிடும்படி இங்கேயெர்ட் மாற்றி ஓட்டினாள். காபி குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. நிரூபணம் தன்னையே சாட்சிக்கு அழைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த வரிக்கு அடியில். ஆய்வேடு போயிற்று.

கோப்பில் எந்த வரியை யார் எழுதினார் என்று பக்கத்திலேயே பெயர் தெரியும். அவள் பார்த்துவிட்டாள். ரூனே பார்க்கவில்லை.

"இந்தக் கண்றாவி வரிய யாரு போட்டது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என் ஆய்வேடு. நான்தான் பாத்திருக்கணும்" என்றாள்.

நான் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தியலின் பின்பக்கத்தால் அவள் சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கும்போது நான் மட்டும் கூட நின்றேன்.

"ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும், இல்ல?"

நான் கீழே விழுந்த ஆணியைக் குனிந்து எடுத்தேன்.

"பிரேக் செத்த வண்டின்னு தெரிஞ்சா, டிப்போவுல எவ்வளவு மோசமான ஆளும் வாய் திறந்து சொல்லிருவான், ஹெல்மர்."

டிப்போவுக்கே திரும்பிப் போய்விட்டாள். அவள் ஓட்டும் டிராம் வந்தால், கொட்டும் மழையிலும் நான் அடுத்ததற்காக நிற்கிறேன்.